காகிதத்தில் வந்த கணினி

மனிதன் தான் கைவிட்ட கருவிகளை எளிதில் மறப்பதில்லை. எழுத்தாணியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தவன், ஓலையின் வாசனையை நினைந்து நெடுங்காலம் ஏங்கினான். பாய்க்கப்பல் போய் இயந்திரப் படகு வந்த பின்னும், காற்றை நம்பிக் கடலோடிய காலத்தின் பெருமையைச் சொல்லும் முதியோர் நமது துறைமுகங்களில் இருந்தனர். ஆயின், ஆண்டுதோறும் தன்னைத் தானே பழையதாக்கிக்கொண்டு விரையும் கணினிக்கும் இத்தகைய பழமையேக்கம் உண்டு என்று கூறினால், வாசகர் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். நேற்று வந்த பொருளுக்கு இன்றே நினைவஞ்சலியா என்று கேட்கவுங்கூடும்.

மேலைநாடுகளில் அவ்வேக்கம் வெளிப்படையாகவே நிலவுகின்றது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றி 1998ஆம் ஆண்டில் அச்சு நின்றுபோன ‘பைற்’ சஞ்சிகையின் பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்போர் பலர். 1994ஆம் ஆண்டில் தொடங்கி, 2011ஆம் ஆண்டில் தாட்பதிப்பை நிறுத்திய ‘லினக்ஸ் ஜேர்னல்’ என்னும் இதழைப் பற்றிப் பேசும்பொழுது, நரை கண்ட பொறியியலாளர்கள் தம் இளமையையே பேசுவது போலப் பேசுகின்றனர். அவர்களுக்கு இயந்திரம் வீட்டில் இருந்தது. சஞ்சிகை அதற்கு உரைநூலாக வந்தது.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் கதை வேறு. ஊர்காவற்றுறைக்கும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கணினி முதன்முதலிற் காகிதமாகவே வந்தது. உரை முன்னே வந்தது. மூலம் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. இந்த முறைமாற்றம் நமது இளைஞர் ஒரு தலைமுறையின் கல்வியை எவ்வாறு உருவாக்கிற்று என்பதையும், அக்கல்விக்குச் சான்றாகிய தாள்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதையும் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையில் இறங்கிய தாள்

தீவகத்தில் எப்பொருளும் வழி கடந்தே வரவேண்டும். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவையும் வேலணையையும் அடையலாம். அங்கிருந்து தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குச் செல்லலாம். குறிகட்டுவான் துறையோடு தரைவழி முடிந்துவிடும். அப்பால் நயினாதீவும் நெடுந்தீவும் கடல் கடந்தவை. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகேற வேண்டும். அரிசி மூட்டையும் மருந்துப் பெட்டியும் வந்த அதே படகுகளிலேதான் பத்திரிகைக் கட்டும் வந்தது.

வந்த பத்திரிகை ஒருவருடைய உடைமையாக இருந்ததில்லை. ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்கள் எழுந்த காலந்தொட்டு, அவற்றின் மேசையில் விரிக்கப்பட்ட தாள் அனைவர்க்கும் பொதுவாயிற்று. வாங்குவோர் ஒருவர், வாசிப்போர் நூற்றுவர். எழுத்தறியாத முதியவர்க்கு மாணவன் வாசித்துக் காட்டுவான். ஒரு பிரதியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை வாசகர்கள் மனத்திலிருத்த வேண்டுகிறோம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இந்த மண்ணிலே சஞ்சிகைப் பற்று புதியதன்று. உலகத் தமிழாராய்ச்சிக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகளார் 1913ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறைக் கரம்பனிலே பிறந்தவர். அவர் 1952ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ், தமிழைப் பன்னாட்டு அறிஞர் அவையில் ஏற்றிவைத்தது. ஓர் இதழ் எத்தகைய பணியைச் செய்யவல்லது என்பதைத் தீவகத்தார் ஒருவரே உலகுக்குக் காட்டினார் என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ?

இருளில் ஒரு வாசிப்பு

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. நாட்டின் பிற பாகங்களுக்குக் கிடைத்த மின்சாரம் குடாநாட்டுக்கு இல்லாமற் போயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே தீவகம் இராணுவத்தின் கைக்கு மாறியது. மக்களிற் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டு யாழ்ப்பாண நகருக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சிதறினர். குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று, ஒரு சிறு பற்றரியுங்கூடத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் ‘டைனமோ’வைச் சுழற்றி, வானொலிச் செய்தி கேட்டனர் மக்கள். அச்சுத் தாளும் கிட்டாமையால் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாள்களிலும் அச்சாயின.

அதே 1990ஆம் ஆண்டுக் கோடை காலத்திலே, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒரு மாணவர் தடித்த புத்தகமொன்றை வாசித்துக்கொண்டிருந்தார். அன்ட்ரூ தனென்பாம் என்னும் பேராசிரியர் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூல், கணினியை ஆளும் பணிசெயல் முறைமை எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்குவது. ‘மினிக்ஸ்’ என்னும் சிறிய முறைமையொன்றின் நிரல் அந்நூலின் பிற்சேர்க்கையாகவே அச்சிடப்பட்டிருந்தது. அம்மாணவர்தாம் லினஸ் ரொர்வால்ட்ஸ். சிறுவயதிலிருந்தே சிறு கணினிகளிற் பழகியவராயினும், அந்நூல் காட்டிய முறைமையை இயக்கத்தக்க கணினியை 1991ஆம் ஆண்டு ஜனவரியிலேதான் அவர் வாங்கினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமையை இயற்றி வருவதாகப் பிறருக்கு அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. அம்முறைமையே பிற்காலத்தில் லினக்ஸ் என்று உலகெங்கும் பெயர்பெற்றது.

ஆகவே, லினக்ஸின் பிறப்பிலேயே ஒரு புத்தகம் இருக்கின்றது. புத்தகம் முன்னே, இயந்திரம் பின்னே என்னும் வரிசை ஹெல்சிங்கியில் ஒரு மாணவருக்கு வாய்த்தது. தீவகத்து மாணவர்க்கும் அதே வரிசை வாய்த்தது. ஆனால் இடையிலே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அவர் சில மாதங்கள் காத்திருந்தார். நமது மாணவர் பல்லாண்டுகள் காத்திருந்தனர். அவரைக் காக்கவைத்தது பணமுடை. நம்மவரைக் காக்கவைத்தது போர்.

கணினியைக் காணாமலே கணினியைக் கற்பது எங்ஙனம்? நமது கல்வி மரபுக்கு இது முற்றிலும் அந்நியமன்று. ஆய்வுகூடம் அழிந்த பாடசாலைகளிலே இரசாயனப் பரிசோதனைகளைக் கரும்பலகையில் வரைந்து கற்ற மாணவர்கள் பரீட்சையிற் சித்தியடைந்தனர். அவ்வாறே கணினியின் விசைப்பலகையைக் கொப்பித் தாளில் வரைந்து, எழுத்துகளின் இடத்தை மனனஞ் செய்யலாம்; கட்டளைகளை எழுதி, அவற்றின் விளைவை மனத்திலே ஊகிக்கலாம். கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வந்தோர் கொணர்ந்த அச்சுத் தாள் எதுவாயினும் அந்நாளில் விலைமதிப்பற்றதாகவே கருதப்பட்டது.

சஞ்சிகைகளின் காலம்

1990களின் பிற்பகுதியில் யாழ்ப்பாண நகரத்திலே மின்பிறப்பாக்கிகளின் ஓசையோடு கணினி வகுப்புகள் தலையெடுத்தன. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியிலே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலிலே கண்டி வீதி திறக்கப்பட்டதும், தெற்கிலிருந்து பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றுள் புத்தகக் கட்டுகளும் இருந்தன.

சென்னையிலிருந்து வெளிவந்த ‘தமிழ் கம்ப்யூட்டர்’ கணினியைத் தமிழிலேயே கற்பித்தது. அங்குள்ள நாளிதழொன்று வாரந்தோறும் ‘கம்ப்யூட்டர் மலர்’ என்னும் இணைப்பை வெளியிட்டது. இவற்றுக்கு முன்னரே, பொறியியலாளராகவும் புனைகதை ஆசிரியராகவும் விளங்கிய சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’ போன்ற தொடர்கதைகளாலும் அறிவியற் கட்டுரைகளாலும் இத்துறையின்மீது தமிழ் வாசகர்க்கு ஆவலை மூட்டியிருந்தார். ஆங்கிலத்தில் ‘பிசி குவெஸ்ட்’ 1990களின் பிற்பாதியில் லினக்ஸ் இறுவட்டுகளை இதழோடு இணைத்து வழங்கிற்று. 2003ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘லினக்ஸ் ஃபோர் யூ’ என்னும் இதழ் இந்தியாவிலே பிறந்தது. 2012ஆம் ஆண்டில் அது பெயர் மாற்றம் பெற்றது.

அவ்விதழ்களின் அமைப்பை இன்றைய இளைஞர் அறியார். முன்னட்டையின் உட்புறத்தில் நெகிழி உறையில் ஒட்டப்பட்ட இறுவட்டு இருக்கும். அதைப் பிரிக்கும்பொழுது தாள் கிழியாதிருக்க வேண்டுமே என்ற அச்சம் ஒருபுறம். உள்ளிருக்கும் வட்டு படகுப் பயணத்திற் கீறுபட்டிருக்குமோ என்ற ஐயம் மறுபுறம். நடுப்பக்கங்களிலே படிப்படியான விளக்கம். பின்பக்கங்களிலே வாசகர் வினாவும் ஆசிரியர் விடையும். இறுதியில் விளம்பரங்கள்: நினைவகத்தின் விலை, வன்தட்டின் கொள்ளளவு, திரையின் அளவு. வாங்கும் ஆற்றலற்றவரும் அவ்விளம்பரங்களை ஒரு வரி விடாமல் வாசித்தனர். கதையிலே வரும் அரண்மனையைப் பற்றி வாசிப்பதற்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை.

ஓர் இதழ் பல கைகளில் மாறியது. தேவையான பக்கங்களைக் கொப்பியிற் பெயர்த்தெழுதிய பின்பே அடுத்தவர்க்குக் கொடுத்தனர். ஏட்டைப் படியெடுத்த பழந்தமிழ் மரபு, கட்டளை வரிகளைப் படியெடுக்கும் வடிவத்திலே மீண்டும் உயிர்த்தது. ஒரு புள்ளியோ ஓர் இடைவெளியோ தவறினால் கட்டளை இயங்காது. ஆதலின் ஏடெழுதுவோனுக்கு வேண்டிய அதே கவனம் இங்கும் வேண்டப்பட்டது.

லினக்ஸ் என்னும் பள்ளி

லினக்ஸ் என்பது உண்மையிற் கணினியின் உட்கரு மாத்திரமே. வன்பொருளையும் மென்பொருளையும் இணைத்து நடத்துவது அதன் பணி. அதன்மேல் ஏனைய கருவிகள் சேர்ந்தாற்றான் முழு முறைமை உருவாகும். அக்கருவிகளிற் பல, அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த ‘குனூ’ திட்டத்தில் உருவானவை. சாளரமும் பட்டியலும் சித்திரக்குறியுங் கொண்ட மேசைமுகப்பு பின்னரே வந்தது. 1996ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மத்தியாஸ் எற்றிக் என்னும் ஜெர்மானிய மாணவர் ‘கேடீஈ’ திட்டத்தைத் தொடங்கினார். அதன் முதற்பதிப்பு 1998ஆம் ஆண்டு யூலையில் வெளியாயிற்று. அது பயன்படுத்திய அடிப்படைக் கருவியின் உரிமம் முழுச் சுதந்திரம் தருவதன்று என்று கருதியோர், 1997ஆம் ஆண்டில் ‘க்னோம்’ என்னும் மாற்றுத் திட்டத்தைத் தொடங்கினர்.

அந்நாளில் லினக்ஸை நிறுவுவது எளிதான செயலன்று. வன்தட்டைப் பிரிவுகளாக வகுக்க வேண்டும். ஓர் எண் பிழைத்தால் முன்பிருந்தன யாவும் அழிந்துபோகும். திரை எத்தனை அதிர்வெண்ணில் இயங்கும் என்பதைத் திரைக்குரிய கையேட்டைப் பார்த்து எழுத வேண்டும். பொருந்தாத எண்ணால் திரையே பழுதாகக்கூடும் என்று வழிகாட்டி நூல்கள் எச்சரித்தன. தொலைபேசி வழி இணையத்துக்கு உதவும் மலிவான மோடங்களிற் பல, தம் வேலையிற் பாதியை விண்டோஸ் மென்பொருளிடம் விட்டவை; ஆதலின் லினக்ஸிலே அவை ஊமையாயின. கணினியைத் தொடக்கிவைக்கும் ‘லிலோ’ என்னும் சிறு நிரல், ஒவ்வொரு படி நிறைவேறும்போதும் தன் பெயரின் ஓர் ஆங்கில எழுத்தைத் திரையில் எழுதும். நான்கு எழுத்தும் வந்தால் வெற்றி. இரண்டெழுத்தோடு நின்றுவிட்டால், எந்தப் படியிற் பிழை நேர்ந்தது என்பதைச் சஞ்சிகையின் பக்கத்தைப் புரட்டி அறிந்துகொள்ள வேண்டும்.

இத்துணை இன்னலை எண்ணி ஏங்குவது எதற்கு? அவ்வின்னலே ஆசிரியனாக இருந்தது. பொத்தானை அழுத்திப் பயனடைவோன் கணினியின் உள்ளே நிகழ்வதை அறிய வேண்டியதில்லை. லினக்ஸை நிறுவ முயன்றவன் வன்தட்டு, நினைவகம், திரை, மோடம் ஆகிய ஒவ்வொன்றின் இயல்பையும் அறியாமல் அடுத்த படிக்குச் செல்லவே இயலாது. மின்பிறப்பாக்கி இரண்டு மணி நேரமே இயங்கும் இடத்தில், அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேண்டிய திட்டத்தை எஞ்சிய நேரமெல்லாம் தாளில் எழுதி ஆயத்தஞ் செய்ய வேண்டியிருந்தது. செய்வதற்கு முன் சிந்திக்கும் ஒழுக்கம் அதனாலே வளர்ந்தது.

மற்றொரு காரணமும் உண்டு. குனூ பொது உரிமம் 1989ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. 1992ஆம் ஆண்டில் லினக்ஸும் அவ்வுரிமத்தின் கீழ் வந்தது. நிரலை இயக்கவும், அதன் உள்ளமைப்பைக் கற்கவும், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கவும், திருத்தி வெளியிடவும் எவர்க்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். இத்தகைய ஆக்கங்களைக் குறிக்கத் தமிழிலே ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் அழகிய தொடர் வழக்கில் வந்தது. ஒருவர் வாங்க நூற்றுவர் வாசிக்கும் சனசமூக நிலைய மேசையை அறிந்தவர்க்கு இக்கொள்கையை விளக்கப் பெரிய சொற்பொழிவு தேவையில்லை. படகிலே வந்தது ஒரே ஓர் இறுவட்டு, அதைப் பத்தாகப் படியெடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பது இங்கே குற்றமாகாது, கொடுப்பதே முறை.

உண்மையை மறைத்தலும் ஆகாது. நமது மக்களிற் பெரும்பாலோர் லினக்ஸைத் தேடிச் செல்லவில்லை. உரிமமின்றிப் படியெடுத்த விண்டோஸ் வட்டுகள் சிறு விலைக்குக் கிடைத்தன. வகுப்புகளும் அதையே கற்பித்தன. அலுவலகங்களும் அதையே வேண்டின. கட்டற்ற மென்பொருளை நாடியோர் ஒரு சிறு கூட்டத்தினரே. ஆயினும், 2004ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆழிப்பேரலை நமது கரைகளை அழித்தபொழுது, இடம்பெயர்ந்தோரையும் நிவாரணத்தையும் பதிவுசெய்யும் ‘சகானா’ என்னும் கட்டற்ற மென்பொருளைச் சில நாள்களில் இலங்கையரே உருவாக்கினர். மறு ஆண்டில் பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சிறு கூட்டம் கற்ற கல்வி பெருங்கூட்டத்துக்கு உதவிய தருணம் அது.

திரையிலே தமிழ்

இனி, தமிழாசிரியரும் மாணவரும் தனிக்கவனம் செலுத்த வேண்டிய ஒரு செய்தியைக் கூறுவோம்.

1554ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் அச்சான ‘கார்த்தில்யா’ என்னும் நூலிலே தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்துகளில் அச்சிடப்பட்டன. தமிழ் அச்செழுத்து அக்காலத்தில் வார்க்கப்படவில்லை. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டிலே கொல்லத்தில் வெளியாயிற்று. இப்பழைய அச்சு நூல்களின் சிறப்பை 1950களிலே தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர் கரம்பனிற் பிறந்த அதே தனிநாயகம் அடிகளாரே.

நானூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1990களில், அதே நிலை கணினியிலே மீண்டும் வந்தது. தமிழர் தம்முள் அனுப்பிய மின்னஞ்சல்களிற் பல உரோம எழுத்திலே தமிழைச் சுமந்து சென்றன. தமிழ் எழுத்துரு வந்த பின்பும் குழப்பம் தீரவில்லை. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் ‘பாமினி’ எழுத்துரு பரவிற்று. இணைய ஆர்வலர் ‘திஸ்கி’ என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ‘தாப்’, ‘தாம்’ என்பனவற்றை ஏற்றது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். பின்னர் ஒருங்குறி பரவியபோதுதான் எல்லாக் கணினிகளிலும் ஒரே தமிழ் விளங்கலாயிற்று.

அக்குழப்பத்தின் நடுவே, 2000ஐ அண்டிய ஆண்டுகளில், தன்னார்வலர் சிலர் கேடீஈ மேசைமுகப்பைத் தமிழாக்கினர். மூலநிரல் திறந்திருந்தமையால், எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திராமல், பட்டியலிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் தமிழில் எழுதிச் சேர்க்க முடிந்தது. ‘கோப்பு’, ‘உலாவி’, ‘சாளரம்’ முதலிய சொற்கள் அகராதியிலிருந்து இறங்கித் திரையிற் குடியேறின. ஈழத்தாருக்கும் தமிழகத்தாருக்குமிடையே இனிய வழக்காடல்களும் நிகழ்ந்தன. நமக்கு ‘இறுவட்டு’, அவர்களுக்குக் ‘குறுந்தகடு’. நமது வழக்கில் நெடுங்காலம் ‘கணனி’. அவர்கள் எழுதியது ‘கணினி’. நமது பாடநூல் ‘பணிசெயல் முறைமை’ என்றது. அவர்கள் ‘இயக்க முறைமை’ என்றனர்.

அறிவியலைத் தமிழிற் சொல்லும் முயற்சி நமக்குப் புதியதன்று. 1860களில் மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான சொற்களையும் ஆக்குவித்தார். இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவ்வரிசையின் அடுத்த ஏடுகளே தமிழ்க் கணினிச் சஞ்சிகைகள். ஒரு சொல் எந்த ஆண்டில் முதன்முதல் எழுதப்பட்டது, எச்சொல்லோடு போட்டியிட்டது, எவ்வாறு நிலைத்தது என்பதை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளன் அவற்றையே நாடவேண்டும்.

வட்டு அழியும், தாள் காக்கும்

2005ஆம் ஆண்டின் பின் ‘உபுண்டு’ என்னும் லினக்ஸ் பதிப்பின் இறுவட்டுகளை, கேட்டோர்க்கெல்லாம் அஞ்சற் செலவும் பெறாமல் அனுப்பிவைத்தது அதனை வெளியிடும் நிறுவனம். 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் கண்டி வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தது. 2011ஆம் ஆண்டில் அவ்விலவச இறுவட்டு அனுப்புதலும் நின்றது. இணையம் பரவியதால் வட்டின் தேவை அற்றது. வட்டோடு சஞ்சிகையின் தேவையும் குறைந்தது. மின்சாரத்தின் கதையோ முடியவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்னாக்கத் திட்டத்துக்கான ஒப்பந்தம் 2024ஆம் ஆண்டு மார்ச்சிலேதான் கைச்சாத்தாயிற்று.

அந்தப் பழைய சஞ்சிகைகள் எங்கே? பலவற்றைக் கறையான் அரித்தது. பல, பழைய தாளாக நிறுத்து விற்கப்பட்டுக் கடலைப் பொட்டலமாயின. இடப்பெயர்வில் விட்டுவந்த வீடுகளோடு போயின பல. எஞ்சியவை அலுமாரியின் அடித்தட்டிலும் பரணிலும் கிடக்கின்றன. காலாவதியான கட்டளைகளைக் காப்பதனால் என்ன பயன் என்று கேட்போர் உளர். அக்கட்டளைகள் இன்று இயங்கா, ஐயமில்லை. ஆயின், ஒரு சமூகம் இருளிலே எதை வாசித்தது, எவ்வாறு கற்றது, எச்சொற்களை ஆக்கிற்று, எதை வாங்க ஏங்கிற்று என்பதற்கு அவற்றைக் காட்டிலும் நேரிய சான்று வேறில்லை. நூறு ஆண்டுக்கு முந்திய பத்திரிகையின் விளம்பரத்தைக் கண்டு அக்கால வாழ்வை எழுதும் வரலாற்றாசிரியனைக் கேட்டால் இதன் பயன் தெரியும்.

தாளோடு வந்த வட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வீட்டிலே பதிவுசெய்த இறுவட்டில் எழுத்தைத் தாங்குவது மெல்லிய சாயப் படலம். வெயிலும் வெப்பமும் கடற்கரையின் ஈரக்காற்றும் அதை விரைந்து கெடுப்பன. இருபது ஆண்டு கழித்து அதை வாசிக்க முயன்றால் வட்டு வாய் திறவாதிருக்கலாம். அதைச் சுமந்து வந்த காகிதமோ மஞ்சளித்த பின்னும் வாசிக்கக் கிடைக்கின்றது. ஆதலின் வட்டைப் படியெடுக்கும் வேலை இன்றே செய்யவேண்டியது. தாளைப் படியெடுக்கும் வேலை நாளையாவது செய்யவேண்டியது.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்களோடு அழிந்தது. ஒரே பிரதியாக இருந்தவை ஒரே இரவில் இல்லாமற் போயின. அப்பாடத்தை மறவாதோர் 2005ஆம் ஆண்டிலே ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடிப் பொதுமக்கள் முன் வைத்து வருகின்றனர். அப்பணிக்கு அடித்தளமாக அவர்கள் கைக்கொண்டதும் ‘மீடியாவிக்கி’ என்னும் கட்டற்ற மென்பொருளே. சஞ்சிகையிற் கற்ற கல்வி, சஞ்சிகையைக் காக்கும் கருவியாகத் திரும்பி வந்திருக்கின்றது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடயத்தில் ஆற்றவேண்டிய கடமை பெரியது. வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள பாடசாலை நூலகங்களிலே ஒரு சனிக்கிழமையைச் செலவிட்டாற் போதும். பழைய கணினிச் சஞ்சிகை, அதனோடு வந்த வட்டு, கட்டளைகளைப் பெயர்த்தெழுதிய கொப்பி, கணினி வகுப்பின் குறிப்புத் தாள் ஆகியவற்றிற் கிடைத்ததைப் பட்டியலிடுக. இதழின் பெயர், ஆண்டு, மாதம், யாரிடமிருந்து வந்தது என்னும் நான்கு செய்திகளை எழுதுக. தீவகத்தை விட்டுச் சென்று வெளிநாடுகளில் வாழ்வோரும் தம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்க்கட்டும். வெறும் ஏக்கத்தைப் பேசிக் கலைவதை விட இந்தப் பட்டியல் மேலானது.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலின் அறியப்பட்ட ஒரே பிரதி இன்று அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்நூலைத் தேடிக் கடல் கடக்க நேர்ந்ததில் வியப்பில்லை. இருபத்தைந்து ஆண்டுக்கு முன் நமது மேசையிற் கிடந்த சஞ்சிகையையும் நாளைய ஆராய்ச்சியாளன் அந்நிய நாட்டு நூலகங்களிலே தேடும் நிலையை நாம் உண்டாக்கலாகாது. பிரதிகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. கறையானுக்கு முந்திக்கொள்ள வேண்டியது நாம்.